சுண்ணாம்பு இல்லாமல் சிவந்த நீர்

நான் கடலில் வேலை பார்த்தது ஒன்றரை வருஷம். மீன் பிடிக்க அல்ல, தண்ணீர் பிடிக்க. சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நானே நம்பவில்லை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எடப்பாடியில் தறிக்குழியில் உட்காரப் பிடிக்காமல் கிளம்பினேன். மேட்டூர் அணைக்கட்டில் கல் சுமந்தேன். அணை முடிந்து ஆட்களைக் கலைத்தபோது கிழக்கே நடந்தேன். நடந்து முடிந்த இடத்தில் கடல் இருந்தது. ஓர் ஆறு கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில், பட்டணத்துக் கல்லூரி வாத்தியார் ஒருவர் ஓட்டு வீட்டில் தனியாகக் குடியிருந்தார். படகில் துணைக்கு வர ஒரு ஆள் வேண்டும், அவனுக்கு எழுதவும் தெரிய வேண்டும் என்றார். அங்கிருந்த மீனவர் குப்பத்தில் ஒருவரும் அவரிடம் வேலைக்குப் போகவில்லை. கடலை அளந்து தீர்வை போட வந்த சர்க்கார் ஆள் என்று அவர்களுக்குச் சந்தேகம். எனக்குப் பசி, அதனால் போனேன்.

விடியலில் ஒரு சீசா, உச்சியில் ஒரு சீசா, பொழுது சாய ஒரு சீசா என்று கரையிலிருந்து ஒரே தூரத்தில் தண்ணீர் எடுக்க வேண்டும். சீசாவில் நேரத்தை எழுதி ஒட்ட வேண்டும். பிறகு பட்டுத் துணியில் தைத்த கூம்பு வலையைப் படகின் பின்னால் இழுக்க வேண்டும். வலையின் வாலில் ஒரு சின்னப் புட்டி கட்டியிருக்கும். கரைக்கு வந்து அந்தப் புட்டியைப் பார்த்தால் கொஞ்சம் கலங்கிய தண்ணீர், அவ்வளவுதான். இதற்காக ஒருவன் சம்பளம் கொடுப்பானா? வேறு ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து தேடினேன். நாலு வேட்டி, மனைவி எழுதிய கடிதங்கள், நோட்டுப் புத்தகங்கள் நிறைய எண்கள். மறைக்கிற மாதிரி எதுவும் இல்லாததே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

ஒரு நாள் விடியலில் எழுந்திருக்க உடம்பு வரவில்லை. உச்சியில் போய் இரண்டு சீசாவையும் சேர்த்து நிரப்பி, ஒன்றில் விடியல் என்று எழுதி வைத்தேன். வாத்தியார் ஒவ்வொரு சீசாவிலிருந்தும் கொஞ்சம் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மஞ்சளாக இருக்கும் ஒரு சாயத்தைச் சொட்டுவிட்டார். இரண்டும் ஒரே சிவப்பாக மாறின. இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது எப்போ எடுத்தது?"

"விடியக்காலைங்க."

"எந்த ஊர் விடியக்காலை? உச்சி வெயில் குடிச்ச தண்ணி இது."

திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றே கிளம்பியிருப்பேன். பப்பாளி இலைக்காம்பு ஒன்றை ஒடித்து வரச் சொன்னார். அதைச் சிவந்த தண்ணீரில் விட்டு ஊதச் சொன்னார். மூச்சுப் பிடித்து ஊதினேன். சிவப்பு வெளுத்து, பழையபடி மஞ்சளாகிவிட்டது.

"உன் மூச்சில என்ன இருக்கு தெரியுமா? கரி" என்றார்.

அவர் அன்று சொன்னதை எனக்குப் பிடிபட்ட அளவில் எழுதுகிறேன். விறகு எரிந்தால் வரும் வாயுவும் நாம் விடும் மூச்சில் வரும் வாயுவும் ஒன்றே, கரியமில வாயு. கரிதான் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் போகிறது. அது கடலிலும் கரைகிறது. கரைந்தால் தண்ணீர் சற்றுப் புளிப்புப் பக்கம் சாய்கிறது, சாயம் மஞ்சளாக நிற்கிறது. கடலின் மேல்பரப்பில் பச்சைத் தூசி மாதிரி செடிகள் மிதக்கின்றன. வேர் இல்லை, இலை இல்லை, ஒவ்வொன்றும் தனி உயிர். வெயில் இருக்கும்வரை அவை அந்த வாயுவைத் தின்று உடம்பாக்கிக்கொள்கின்றன. புளிப்புக் குறைகிறது, சாயம் சிவக்கிறது. இருட்டில் தின்ன முடியாது, மூச்சுவிட மட்டும் முடியும். அதனால் விடியலுக்குள் வாயு திரும்பச் சேர்ந்துவிடும்.

பச்சைத் தூசியை அரிசி நொய்யைவிடச் சிறிய பூச்சிகள் தின்கின்றன. அவற்றைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். மீசை வைத்த இறால் குஞ்சு மாதிரி துள்ளின. அவற்றை மீன் தின்கிறது. எது எதைத் தின்றாலும் தின்ற கரியில் பெரும்பங்கு மூச்சாகத் தண்ணீருக்கே திரும்புகிறது. மிச்சம் எச்சமாகவும் பிணமாகவும் கீழே விழுகிறது. நடுக்கடலில் விழுந்தால் ஆழம் அதிகம், மேலே வர வெகுகாலம் ஆகும். கரையோரத்தில் அப்படி இல்லை. சேற்றில் விழுந்து மக்கியது அடுத்த காற்றுக்காலத்தில் அலை கலக்கும்போது மேலே வந்து மறுபடி பச்சைக்குத் தீனியாகிவிடும். கொஞ்சம் மட்டும் சேற்றுக்குள் புதைந்து திரும்பாமலே போகும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதற்காகத்தான் அவர் மனைவியை விட்டு அங்கே வந்து கிடந்தார்.

ஆற்றில் வெள்ளம் வந்தபோது நடந்ததையும் நான் பார்த்தேன். காட்டு மண்ணும் ஊர் எருவும் கலங்கலாகக் கடலில் விழுந்தன. பத்துப் பதினைந்து நாளில் தண்ணீர் கரும்பச்சையானது. பகலில் சாயம் முன்பைவிட அதிகமாகச் சிவந்தது; விடியலில் முன்பைவிட அதிகமாக வெளுத்தது. ஒரு விடியலில் நண்டுகள் மூச்சுக்குத் தவித்துக் கரையேறின. வாத்தியார்தான் ஏதோ மருந்து கலந்துவிட்டார் என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். அடுத்த மாதம் அவர் பட்டணத்துக்குத் திரும்பினார். புறப்படும் அவசரத்தில் அவர் மறந்துவைத்த சாயப் புட்டி ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். திருட்டு என்றால் திருட்டுதான்.

ஆத்தூர், சேலம் வழியாக நடந்து, சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே ஓர் ஊரில் வேலை கிடைத்தது. ஏரிக்கரை மேட்டில் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தவரிடம் எடுபிடி. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். புகையில் இருமி இருமிக் குரல் கம்மிப் போனவர். அவரும் அவர் மனைவியும்தான் குடும்பம். காடுகளில் கிடக்கும் சுக்கான்கல்லைப் பொறுக்கி வந்து உடைத்து, கல் ஒரு அடுக்கு, கரி ஒரு அடுக்கு என்று காளவாயில் ஏற்றிச் சுடுவோம். கல்லுக்குள் அடைபட்ட கரியமில வாயு சூட்டில் வெளியே போய்விட, மிஞ்சுவது சுண்ணாம்பு. கை வெடிக்கும், கண் எரியும். இரண்டு வேளை ராகிக்களி. எனக்கு அது போதும்.

அந்த ஏரியின் மீன் குத்தகை, அந்த வருஷம் ஊர்ப் பண்ணாடிக்கு. பண்ணாடி என்றால் பெரிய காட்டுக்காரர். கூலிக்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் மழை இல்லாமல் ஏரி வறண்டு கிடந்திருக்கிறது. ஏரிக்குள்ளேயே அவர் ஆட்டுப்பட்டி போட்டு, எரு ஏறிய மண்ணில் சோளம் விதைத்து அறுத்திருக்கிறார். பிறகு நல்ல மழை. ஏரி நிறைந்தது. நான் போய்ச் சேர்ந்தது பங்குனியில். தண்ணீர் பாதியாக வற்றி, கீரை கடைந்த மாதிரிப் பச்சையாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு முகத்துவாரத்து நண்டுகள் நினைவுக்கு வந்தன. ஆனாலும் ஒருவரிடமும் சொல்லவில்லை. புதிதாக வந்தவன் மீன் சாகும் என்று சொல்லி, அது செத்தும் போனால், யாரைப் பிடிப்பார்கள்?

நான் சொல்லாமலே செத்தது. ஒரு காலையில் ஏரி ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கெண்டை மிதந்தது. முதலில் பார்த்தவர் மடைக்காரர். ஏரி மதகைத் திறந்து மூடுவது அவர் பொறுப்பு. அவர் போய்ச் சொல்ல, பண்ணாடி வந்தார், அவர் பின்னால் ஊர் வந்தது.

"பண்ணாடி, வெறாலு ஒண்ணுகூடச் சாவலைங்க. கெண்டை மட்டுந்தானுங்க வாயப் பொளந்துட்டுக் கெடக்குது" என்றார் மடைக்காரர்.

"வெறாலு உன்ற மச்சினனா? அதையேன் சாட்சிக்குக் கூப்பிடறே?" என்றார் பண்ணாடி. சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. காளவாய் மேட்டைப் பார்த்தார்.

விரால் தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும். கெண்டைக்கு அது முடியாது. மடைக்காரர் தெரியாமலே சரியான சாட்சியைத்தான் கூப்பிட்டார். ஆனால் ஊருக்கு வேறு காரணம் தயாராக இருந்தது. காளவாய்ப் புகை தன் வெற்றிலைக் கொடிக்காலைக் கருக்குகிறது, இடத்தை மாற்று என்று பண்ணாடி முந்தின மாதம்தான் சுண்ணாம்புக்காரரிடம் சொல்லியிருந்தார். இவர் மாற்றவில்லை. சுண்ணாம்பு தண்ணீரில் விழுந்தால் மீன் சாகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"ஏப்பா, சுண்ணாம்பக் கொட்டுனியா?" என்று பண்ணாடி சுண்ணாம்புக்காரரை வரவழைத்துக் கேட்டார்.

"இல்லீங்க சாமி. அதை வித்துத்தானுங்க நான் களி திங்கறேன். தண்ணியில கொட்டுவனுங்களா?"

"கோவம் வந்தா ஆரும் தன்ற சோத்துலயே மண்ணள்ளிப் போடுவான்."

மாரியம்மன் கோயில் முன்னால் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். அமாவாசைக்குள் காளவாயைப் பிரித்துவிட்டு அவர் ஊரை விட்டுப் போய்விட வேண்டும். காளவாயில் ஒரு மாதமாகப் பொறுக்கிய கல் ஏற்றி, நெருப்பு வைக்காமல் இருந்தது. அந்த வயதில் அவர் வேறு எந்த ஊரில் புறம்போக்கு இடம் கேட்டு நிற்க முடியும்? அவர் மனைவி கல் உடைக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள், உடைக்கவில்லை.

இடையில் எனக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. கொடிக்காலுக்காக இடத்தைக் காலி செய்ய, பண்ணாடியே ஏதாவது கலந்திருப்பாரோ என்று. செத்த மீன் அவருடையது என்பதால் அது நிற்கவில்லை.

மறுநாள் பிற்பகல் பண்ணாடியிடம் போய், தண்ணீரைச் சோதித்துக் காட்டுகிறேன் என்றேன். என் சாயப் புட்டியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, சரி, ஊர் முன்னால் செய் என்றார். இங்கேதான் என் புத்தி போதாமல் போனது. வாத்தியார் எனக்குக் காட்டிய வரிசையிலேயே காட்ட நினைத்தேன். முதலில் வெயில் தண்ணீர், அது சிவக்கும். பிறகு ஊதிக் காட்டலாம். பிறகு விடியல் தண்ணீர் என்று. ஏரித் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து மஞ்சள் சாயத்தைச் சொட்டினேன். குப்பென்று சிவந்தது.

கூட்டம் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு பெண், "இது ஆரத்தித் தண்ணியல்லோ" என்றாள்.

ஆரத்தி எடுக்க மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்துச் சிவக்க வைப்பது அங்கே எந்த வீட்டில் தெரியாது? மஞ்சள் சிவந்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. அவர்களுக்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. எனக்கு அந்த நிமிஷம்வரை அது தோன்றவே இல்லை.

பண்ணாடி நிதானமானவர். என் புட்டியை நம்பவில்லை. தன் வீட்டு மஞ்சளை இடித்துக் கொண்டுவரச் சொன்னார். ஒரு சொம்பில் ஏரித் தண்ணீர், ஒரு சொம்பில் அவர் கிணற்றுத் தண்ணீர். கிணற்றில் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. ஏரித் தண்ணீரில் செங்கல் நிறத்துக்குத் திரும்பியது.

"அமாவாசை வரைக்கும் எதுக்கு? நாளைக்கே கெளம்பு" என்றார் சுண்ணாம்புக்காரரிடம்.

சுண்ணாம்புக்காரர் என்னைப் பார்த்தார். அணையில் என் பக்கத்தில் நின்றவன் பாறை உருண்டு காலை இழந்தான்; அவன்கூட என்னை அப்படிப் பார்க்கவில்லை.

ஊதிக் காட்டினால் மந்திரம் என்பார்கள். அதனால் வேறு மாதிரி கேட்டேன். "பண்ணாடி, சுண்ணாம்பு ராத்திரிக்கு எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிட்டுப் பொழுது கெளம்பறப்போ வருமுங்களா?"

"என்ன பேசறே?"

"தண்ணியில கலந்தது சுண்ணாம்புன்னா, வெடியாலயும் செவக்கோணுமுங்க. நாளைக்கு வெடியால இதே மஞ்சளப் போட்டுப் பாருங்க. செவந்துதுன்னா நானும் அவரோட போயிடறேன்."

"ராத்திரியில புளியக் கரைச்சு ஊத்தி மாத்திப்புடுவே."

"ஊருப் புளி அத்தனையும் ஏரிக்குப் பத்துமுங்களா, பண்ணாடி?" என்றார் மடைக்காரர். பண்ணாடி அவரை முறைத்தார். ஆனால் ஒப்புக்கொண்டார். எங்கள் இரண்டு பேரையும் தன் மாட்டுக் கட்டுத்தறிக் கொட்டகையில் அடைத்தார். கரையில் நாலு ஆட்களைக் காவல் வைத்தார். நான் அந்த நாலு பேரைச் சந்தேகப்பட்டேன். ஒரு கூடைச் சுண்ணாம்பை அவர்களே கொட்டிவிட்டால்? அதைவிட, ஏரியும் கடலும் ஒன்றா என்றும் சந்தேகமாக இருந்தது. வாத்தியார் கடலைப் பற்றித்தான் சொன்னார், ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சுண்ணாம்புக்காரர் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்து இருமிக்கொண்டிருந்தார்.

கிழக்கு வெளுக்கும்போது பண்ணாடியே முழங்கால் தண்ணீரில் இறங்கினார். அவர் காலைச் சுற்றி மீன்கள் வாயை மேலே நீட்டித் தவித்துக்கொண்டிருந்தன. சொம்பில் மொண்டு, தன் மடியிலிருந்த மஞ்சளைப் போட்டுக் கலக்கினார்.

மஞ்சளாகவே நின்றது.

இன்னும் இரண்டு இடத்தில் மொண்டார். காளவாய்க்கு நேர் கீழேயும் ஒரு சொம்பு மொண்டார். அதுவும் மஞ்சள். பிறகு இடுப்பிலிருந்த வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பியைத் திறந்து, விரல் நுனியில் எடுத்து அதே சொம்பில் கரைத்தார். சிவந்தது. சொம்பைக் கவிழ்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அப்பறம் மத்தியானம் எப்படிச் செவந்துது?"

சொன்னேன். தண்ணீரில் பச்சையாக இருப்பது சின்னச் சின்ன உயிர்கள், பகலில் தண்ணீரிலுள்ள கரி வாயுவைத் தின்னும், அப்போது சுண்ணாம்பு கலந்த மாதிரியே மஞ்சள் சிவக்கும். இருட்டில் அவை மூச்சுவிட்டு மீனுக்கு வேண்டிய நல்ல காற்றையும் குடித்துவிடும், அதனால்தான் மீன் விடியலில் சாகிறது என்று.

"இத்தனை வருசமா இல்லாத பச்சை, இந்த வருசம் எங்கிருந்து வந்துது?"

இரண்டு வருஷம் அவர் ஏரிக்குள் போட்ட ஆட்டுப்பட்டியிலிருந்து வந்தது. எரு ஏறிய மண்மேல் தண்ணீர் நின்றால் பச்சை பெருகாமல் என்ன செய்யும்? அதை நான் முகத்துவாரத்திலேயே பார்த்தவன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மழைத் தண்ணியோட வந்துதுங்க" என்றேன்.

அவர் சொம்பைத் தண்ணீரில் அலசிக்கொண்டே என்னைப் பார்த்தார். அவருக்கே தெரிந்திருந்ததோ என்னவோ, எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. "செரி. காளவாய் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கரையேறினார். மிச்ச மீனை அன்றே வலை போட்டு அள்ளச் சொன்னார்.

அன்றைக்கே காளவாய்க்கு நெருப்பு வைத்தோம். கல் வெந்து, சூடு ஆறி, சுண்ணாம்பை வாரி எடுத்து முடித்த அன்று சுண்ணாம்புக்காரரின் மனைவி எனக்கு மட்டும் களியை இலையில் போடாமல் துணியில் கட்டிக் கொடுத்தாள்.

"சாமி, நீங்க வேற பக்கம் பொழப்பப் பாத்துக்கோங்க" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் சுண்ணாம்புக்காரரைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே பேசினார்.

"மத்தியானம் செவக்க வெச்சே. வெடியால மஞ்சளாக்குனே. ரெண்டு தடவையும் என்ற கழுத்து உன்ற கையிலதான் இருந்துச்சு."

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. தண்ணியோட கொணமுங்க அது."

"அது எனக்கெப்படித் தெரியும்? நீ வந்து ஒரு மாசம் ஆவலை, மீனு செத்துது." கொஞ்சம் இருமிவிட்டு, "நெசமாத்தான் மழையில வந்துதா அந்தப் பச்சை?" என்று கேட்டார்.

அவரிடம் ஆட்டுப்பட்டியைப் பற்றிச் சொன்னேன். பண்ணாடியிடம் அதைச் சொல்லியிருந்தால் அன்றே இரண்டு பேரையும் துரத்தியிருப்பார் என்பதையும் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார்.

"அவரு மூஞ்சியப் பாத்து அதை மறைச்சே. என்ற மூஞ்சியப் பாத்து இப்பச் சொல்றது மட்டும் நெசம்னு நான் எப்படி நம்பறது?"

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காளவாய்ச் சாம்பலை வாரப் போனார், ஏரிப் பக்கம் ஒரு துளி விழாதபடி மேட்டின் மறுபுறம் தூரத்தில் கொண்டுபோய்க் கொட்டினார். நான் களி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு திருச்செங்கோட்டுச் சாலையில் நடந்தேன்.